எத்தனை பேர் என்று சொன்னீர்கள், எங்கே என்று சொல்லவில்லை

ரொறன்ரோவில் பத்திரிகை, தொலைக்காட்சி, வானொலி நடத்தும் செய்தி ஆசிரியர்களுக்கு (எங்கள் தமிழ் வானொலிக்காரரும் இதில் அடக்கம்),

வணக்கம்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவாசி. உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இந்தக் கொரோனா நோய் வந்த பிறகும் வீட்டிலிருந்து ஒரு நாளாவது வேலை செய்தவன் அல்ல. உறைந்த ரொட்டியை சூம் வழியாகப் பெட்டியில் அடுக்க முடியாது. உங்கள் செய்திகளை விடாமல் பார்க்கிறவன், கேட்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதற்காக, கொரோனாவே பொய், தடுப்பூசி சதி என்று கொடி பிடிக்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நோய் உண்மை. நீங்கள் சொன்ன எண்களும் பெரும்பாலும் உண்மை. என் முறைப்பாடு வேறு.

போன வருடம், 2020 வசந்தகாலத்தில், உங்கள் நாள் கோயில் பூசை நேரம்போல ஓடியது. காலை பத்தரைக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் தொற்று எண்ணிக்கை. பதினொன்று தாண்ட தன் வீடான ரிடோ கொட்டேஜ் வாசலில் பிரதமர் ட்ரூடோ. அவருக்குப் பிறகு நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி டொக்டர் தெரேசா டாம். ஒரு மணிக்கு மாகாணச் சட்டமன்றமான குயீன்ஸ் பார்க்கில் முதல்வர் டக் போர்ட். பின்னேரம் மேயர் ஜோன் டோரியும் நகரத்தின் தலைமை வைத்திய அதிகாரி டொக்டர் ஐலீன் டி வில்லாவும். இரவுச் செய்தியில் எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு தரம். அப்போது அது தேவையாகவும் இருந்தது. மத்திய அரசின் இரண்டாயிரம் டொலர் சேர்ப் (CERB) உதவிக் காசுக்கு எங்கே விண்ணப்பிப்பது, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், கடையில் மா இருக்குமா என்று ஒன்றும் தெரியாமல் சனம் முழித்த நாட்கள் அவை. அந்த நேரம் நீங்கள் செய்தது பெரிய உதவி. ஆனால் வருடம் ஒன்று கடந்த பிறகும் அதே பூசை, அதே மந்திரம்.

சுகாதார அமைச்சர் கிறிஸ்டீன் எலியட் காலையில் ட்விட்டரில் போடும் வரிகள் எனக்கு மனப்பாடம். ஒன்ராறியோவில் இத்தனை பேர், ரொறன்ரோவில் இத்தனை, பக்கத்துப் பிராந்தியங்களான பீலில் இத்தனை, யோர்க்கில் இத்தனை, செய்த சோதனை இத்தனை ஆயிரம். நீங்கள் அதை அப்படியே தூக்கித் தலைப்பாக்குவீர்கள். ஐந்து நிமிடத்தில் அது எங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வந்து விழும், கீழே ஒரு கும்பிடும் கையும் ‘கவனமா இருங்கோ’வும்.

அந்த எண் நேற்றுத் தொற்றியவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவருக்குத் தொற்றி, சில நாளில் காய்ச்சல் வந்து, சோதனைக்குப் போய், முடிவு வந்து, அந்த முடிவு சுகாதாரப் பிரிவின் கணினியில் ஏறுகிற அன்றுதான் அவர் உங்கள் தலைப்புக்குள் வருகிறார். கிழமைக்கணக்கில் பழைய கதை. சனி, ஞாயிறில் சோதனைக்குப் போகிறவர் குறைவு, ஆகவே கிழமைத் தொடக்கத்தில் எண் இறங்கும். நீங்களும் ‘இறங்கியது’ என்பீர்கள். இந்த ஜனவரி 8 அன்று 4,249 என்று வந்தது. அதில் 450 பேரளவில் முந்திய நாட்களின் பாக்கி. பெப்ரவரி 2 அன்று 745 என்று சரிந்தது. ரொறன்ரோ தன் தரவுகளை வேறு கணினி முறைக்கு மாற்றிக்கொண்டிருந்ததால் வந்த சரிவு அது. காரணத்தை உங்களில் பலர் எழுதித்தான் இருந்தீர்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் ஓடியது 745 மட்டும்தான். எங்கள் சாப்பாட்டு அறையில் ஒருவர் ‘முடியுது போல’ என்று சந்தோஷப்பட்டார். ஏப்ரல் 16 அன்று அது 4,812 ஆனது.

சரி, எண்ணில் நொட்டை பிடிப்பது என் நோக்கம் அல்ல. என் கேள்வி சின்னது. ரொறன்ரோ என்றால் எந்த ரொறன்ரோ? ஏரிக்கரைக் கொண்டோவில் மடிக்கணினியோடு இருக்கிறவரின் ரொறன்ரோவா, ஸ்காபரோவின் மோல்வேனில் ஒரு பேஸ்மென்ட்டை இரண்டு குடும்பம் பங்குபோட்டு இருக்கிற ரொறன்ரோவா? பீல் என்றால் எந்தக் கிடங்கு, எந்த ஆலை?

ஜனவரியில் எங்கள் பொதி செய்யும் வரிசையில் ஒரு அக்கா வேலைக்கு வரவில்லை. அடுத்த நாள் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற இருவரும் வரவில்லை. மேற்பார்வையாளரைக் கேட்டோம். குடும்ப அலுவல் என்றார். மூன்று குடும்பத்துக்கும் ஒரே கிழமையில் அலுவல்! எங்கள் சாப்பாட்டு அறையில் இரண்டு மைக்ரோவேவ். ஷிப்டில் நிற்கிற அத்தனை பேரும் அரை மணித்தியாலத்துக்குள் அவற்றில்தான் சோறு சூடாக்கவேண்டும். ஒட்டி ஒட்டி நிற்போம், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுவோம், எழும்பி அதே கதிரையை அடுத்தவருக்குக் கொடுப்போம். அந்தக் கிழமை சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள், கைகளை இருபது செக்கன் கழுவவும் என்று. அக்காவுக்குக் கொரோனா என்பது அவருடைய தங்கச்சி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மற்ற இருவரும் ஏஜென்சி ஆட்கள். ஏஜென்சி ஆள் என்றால் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் அவர் இல்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுகிற வழக்கமும் இல்லை. ஏஜென்சி வேறு இருவரை விடியக்காலை வேனில் ஏற்றி அனுப்பியது. அவர்கள் முதல் நாள் வேறொரு தொழிற்சாலையில் நின்றவர்கள். அன்று இரவும் நீங்கள் ரொறன்ரோவில் இத்தனை நூறு என்றீர்கள். பிறகு ஒரு நிபுணர் திரையில் வந்து, உங்கள் வீட்டில் இல்லாத எவரையும் சந்திக்கவேண்டாம் என்றார். தினமும் சந்திக்கிறேன் ஐயா, சம்பளமே அதற்குத்தான்.

தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த கிழமை எனக்கு ஷிப்ட் இருக்காது. மணித்தியாலக் கூலிக்கு நிற்கிறவன் பெயர் சொல்ல முடியாது. உங்களுக்குச் சட்டத்தரணி இருக்கிறார், நிருபர் இருக்கிறார், தகவல் கேட்கும் உரிமை இருக்கிறது.

எங்களுக்கு அந்தத் தரவு கிடைக்கவில்லையே என்பீர்கள். பாதி உண்மை. ரொறன்ரோ சுகாதாரப் பிரிவு வேலைத்தலங்களின் பெயர்களை வெளியிடத் தொடங்கியதே இந்த ஜனவரியில்தான். அதற்கு முதல் முதியோர் இல்லத்துக்குப் பெயர் இருந்தது, வைத்தியசாலைக்குப் பெயர் இருந்தது, தொழிற்சாலைக்கு மட்டும் இல்லை. ஆனால் கையில் கிடைத்த தரவை என்ன செய்தீர்கள்? தொற்றியவர்களில் 83 வீதமானோர் வெள்ளையர் அல்லாதோர் என்று நகரம் போன யூலையிலேயே வெளியிட்டது. நகரச் சனத்தொகையில் அவர்கள் 52 வீதம். தொற்றியவர்களில் பாதிப்பேர் குறைந்த வருமானக் குடும்பத்தவர். அது ஒரு நாள் தலைப்பு. மறுநாள் திரும்பவும் ரொறன்ரோ இத்தனை, பீல் இத்தனை.

பீலில் தலைமை வைத்திய அதிகாரி டொக்டர் லோரன்ஸ் லோவின் சுகாதாரப் பிரிவு, தொற்றிய எண்ணாயிரம் பேரளவில் விசாரித்துப் பார்த்தது. நான்கில் ஒருவர் நோய்க்குறியோடு வேலைக்குப் போயிருந்தார். 80 பேர் தொற்று உறுதியான பிறகும் போயிருந்தார்கள். இதை வாசித்தவுடன் ‘பொறுப்பில்லாத சனம்’ என்றுதான் பலர் சொன்னார்கள். ஒன்ராறியோவில் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு 2018 இல் சட்டத்தில் இருந்தது, அந்த வருடமே ஆட்சிக்கு வந்த போர்ட் அரசு அதை எடுத்துவிட்டது என்ற இரண்டு வரியை அந்தச் செய்தியின் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் போட்டிருந்தால் வாசகர் வேறு மாதிரி யோசித்திருப்பார். மத்திய அரசு கிழமைக்கு 500 டொலர் கொடுக்கிறதே என்று முதல்வர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்தக் கிழமையின் வேலையில் பாதியாவது போனால்தான் கிடைக்கும். தொண்டை நோகிறது, ஒரு நாள் நின்று சோதனை செய்துவிட்டு வருவோம் என்கிறவனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. முதல்வர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இந்த விளக்கத்தை எத்தனை தரம் சேர்த்தீர்கள்?

ஆனால் சனத்தைத் திட்டுவதென்றால் உங்களுக்கு இடமும் நேரமும் தாராளம். போன வருடம் மே 23 அன்று ட்ரினிட்டி பெல்வூட்ஸ் பூங்காவில் வெயில் காய வந்தவர்களின் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதற்கு மூன்றாம் நாள், ஒன்ராறியோவின் ஐந்து முதியோர் இல்லங்களில் இராணுவத்தினர் கண்டவை பற்றிய அறிக்கை வெளிவந்தது: கரப்பான் பூச்சி, பழுதான சாப்பாடு, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவரும் வராமல் கிடந்த முதியவர்கள். முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள். அந்த அறிக்கையை நீங்கள் நன்றாக எழுதினீர்கள். நிருபர்கள் சிலர் மாதக்கணக்கில் விடாமல் நின்று எழுதினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் பாருங்கள், ஒரு ஊழியர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று மாகாணம் போன ஏப்ரலில் போட்ட கட்டளை ஏஜென்சி ஊழியருக்குப் பொருந்தாது. எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் பி.எஸ்.டபிள்யூ, அதாவது முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர், வேலை செய்கிறார்கள். இந்த ஓட்டை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் பேசப்பட்டது. உங்கள் தினசரிச் செய்தியில் அதைக் காண்பது அரிது.

2003 இல் சார்ஸ் வந்து கனடாவில் 44 பேர் இறந்தபோது இதே ரொறன்ரோதான் அடிபட்டது. அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பலின் ஆணைக்குழு பிறகு சொன்னது, விஞ்ஞானம் நிச்சயமாக நிரூபிக்கும்வரை காத்திராமல் வேலை செய்கிறவரைப் பாதுகாக்கவேண்டும் என்று. அந்த அறிக்கையை ஒரு தரம் தூசு தட்டி வாசியுங்கள்.

பிறகு நவம்பரில் தீபாவளி வந்தது. பீலில் உள்ள பிரம்டனில் எண் ஏறியதும் கதை எங்கள் ஆட்களின் விருந்துகளுக்குத் திரும்பியது. அதே மாதம் அல்பேர்ட்டா முதல்வர் ஜேசன் கெனி தெற்காசிய வானொலி ஒன்றில் தோன்றி, வடகிழக்குக் கல்கரி மக்களுக்குப் பெரிய குடும்ப ஒன்றுகூடல்கள் பற்றி அறிவுரை சொன்னார். அவருடைய மாகாணத்தில்தான் ஹை ரிவர் ஊரின் கார்கில் இறைச்சி ஆலையும் இருக்கிறது. ஈராயிரம் பேரளவில் வேலை செய்த இடத்தில் 900 பேருக்கு மேல் தொற்றியது. போன வருடம் ஏப்ரல் மாதம் அது, அங்கே ஒருவரும் தீபாவளி கொண்டாடவில்லை.

இந்த ஏப்ரல் 16 வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 4,812 வந்த அதே நாள். விஞ்ஞான ஆலோசனைக் குழு வரைபடங்களைக் காட்டியது. முதல்வர் பின்னேரம் வந்து விளையாட்டுத் திடல்களைப் பூட்டினார், வீதியில் போகிறவரை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தார். அடுத்த நாளே திடலைத் திறந்தார், பொலிஸ் அதிகாரத்தையும் சுருக்கினார். ஒரு கிழமைக்குள் தழுதழுத்த குரலில் மன்னிப்பும் கேட்டார். அந்த நாட்களில் நீங்கள் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பற்றியே பேசினீர்கள். பொலிஸ் விஷயத்தில் நீங்கள் எழுப்பிய சத்தம் சரியானது, எங்கள் பையன்களை மறிப்பதற்குப் பொலிசுக்குப் புதுக் காரணம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமையும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வழக்கம்போல ஓடின. அது ஏன் என்ற கேள்வி ஊஞ்சலுக்குப் பின்னால் மறைந்து போனது.

பூட்டுவதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 600 பேருக்கு மேல் தொற்றிய பிரம்டன் அமேசான் கிடங்கின் தொழிலாளரை இரண்டு கிழமை வீட்டில் இருக்கும்படி பீல் சுகாதாரப் பிரிவு மார்ச்சில் கட்டளையிட்டது. ஏப்ரல் 23 இலிருந்து, இரண்டு கிழமைக்குள் ஐந்து பேருக்குத் தொற்றினால் வேலைத்தலத்தைப் பத்து நாள் மூடலாம் என்று பீலும் ரொறன்ரோவும் கொண்டுவந்திருக்கின்றன. இவை உள்ளூர் வைத்திய அதிகாரிகள் செய்தவை. மாகாணம் அதே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகுதிகளின் கட்டுப்பாட்டு நிறங்களை மாற்றிக்கொண்டிருந்தது: பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, சாம்பல். எந்த நிறத்திலும் எனக்கு ஐந்தரைக்கு வேலை தொடங்கியது.

தடுப்பூசிக் கதையும் இதன் வால்தான். மார்ச்சில் மருந்தகங்களில் ஊசி போடத் தொடங்கியபோது ரொறன்ரோ, கிங்ஸ்டன், வின்ட்சர் பகுதிகளைத் தெரிந்தார்கள். பீல் அதில் இல்லை. ஏப்ரல் நடுவில் ஸ்காபரோவில் ஊசி இல்லாமல் இரண்டு நிலையங்கள் மூடின, பத்தாயிரம் பேரளவில் முன்பதிவு இரத்தானது. அந்த நேரம் உங்களில் சிலர் எழுதியது ‘தயக்கம்’ பற்றி, தெற்காசியர் ஊசிக்குத் தயங்குகிறார்களாம். ஊசி வந்த இடத்தில் மழைக்குள் குடையோடு வரிசையில் நின்ற எங்கள் அம்மாமார் தயங்கியதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது இரண்டு கிழமைக்கு ஊசிகளில் பாதி அஞ்சல் குறியீட்டால் பிரித்த 114 தொற்று மையப் பகுதிகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது. அஞ்சல் குறியீடு தெரிந்தவர்களுக்கு அங்கே இருக்கிறவர்கள் காலையில் எங்கே போகிறார்கள் என்பதும் தெரியாதா?

ஆகவே நான் கேட்பது இது. காலை பத்தரைக்கு வரும் எண்ணை இரண்டாம் வரிக்குத் தள்ளுங்கள். முதல் வரியில் அன்று மூடிய வேலைத்தலங்களைப் போடுங்கள்: பெயர், என்ன தொழில், எத்தனை பேர், அதில் ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர். நிறுவனம் பதில் தராவிட்டால் தரவில்லை என்று எழுதுங்கள், அதுவும் செய்திதான். ஒரு மணிக்கு முதல்வரிடம் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், உணவகம் எப்போது திறக்கும் என்பதை ஒரு நாள் விட்டுவிட்டு, தொழில் பரிசோதகர்கள் இந்தக் கிழமை எத்தனை தொழிற்சாலையில் சொல்லாமல் போய் இறங்கினார்கள் என்று கேளுங்கள்.

பூங்காவுக்கு அனுப்புகிற படப்பிடிப்பாளரைக் காலை ஐந்து மணிக்கு மார்க்கம் வீதி பஸ்ஸுக்கு அனுப்புங்கள். முகங்களை எடுக்கவேண்டாம், ஆட்களுக்கு வேலை போய்விடும். இரும்பு மூக்குச் சப்பாத்துகளை எடுங்கள், மடியில் இருக்கிற சாப்பாட்டுப் பைகளை எடுங்கள், எந்தத் தரிப்பில் கும்பலாக இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தரிப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் என்னென்ன ஆலை இருக்கிறது என்று எழுதினாலே ஒரு கிழமைக்குச் செய்தி இருக்கும்.

எங்கள் தமிழ் வானொலிகளுக்குத் தனியாக ஒன்று. வீடு வாங்க விற்க என்ற விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் நீங்களும் அதே எண்ணைத்தான் வாசிக்கிறீர்கள். உங்களை அழைத்துப் பேசுகிறவர்கள் தாதிமார், பி.எஸ்.டபிள்யூக்கள், தொழிற்சாலை ஆட்கள், டாக்ஸி ஓட்டுநர்கள். ஆங்கில நிருபர் மாதக்கணக்கில் தேடும் தகவல் உங்கள் அழைப்பு இணைப்பில் தானாக வந்து நிற்கிறது. ஒருவர் தன் வேலையிடம் பற்றித் தொடங்கியதும் ‘அண்ணை, நேரம் போதாது’ என்று வெட்டிவிட்டுப் பாட்டுப் போடாதீர்கள். பெயர் சொல்லாமல் பேச விடுங்கள்.

கடைசியாக ஒரு திகதி. போன மாதக் கடைசியில் மாகாணம் ஒருவழியாகச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறது, நாளுக்கு 200 டொலர் வரை. தொற்றினால் வீட்டில் இருக்கவேண்டியது பத்து நாள். அந்த மூன்று நாளும் செப்ரெம்பர் 25 உடன் முடிகிறது. அப்போது எண் குறைந்திருக்கும், உணவகங்கள் நிரம்பியிருக்கும், உங்களுக்கு எழுத வேறு எவ்வளவோ இருக்கும். இப்போதே நாட்குறிப்பில் குறித்து வையுங்கள். 24 ஆம் திகதி முதல்வரிடம் அதைக் கேட்டு, அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் முதற்பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர்
ஸ்காபரோ, மே 2021